ஹக்கல பூங்காவுக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நுவரெலியாவிலிருந்து வெலிமடைப் பக்கம் போகும் வீதியில் இருக்கிற ஹக்கல தாவரவியல் பூங்காவுக்கு உறவுக்காரர்களையும் வகுப்புப் பிள்ளைகளையும் அடிக்கடி கூட்டிக்கொண்டு போவேன். யாரைக் கூட்டிப் போனாலும் கேள்விகள் ஏறக்குறைய அதேதான். அதனால் எழுதி வைத்தேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

ஹக்கல என்றால் ரோசாப்பூ பார்க்கும் இடம்தானே? மருந்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இன்று போகிறவர்களில் பாதிப் பேர் ரோசாப் பாத்திக்கு முன்னால் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் 1861இல் அந்தச் சரிவில் காடு வெட்டியது பூவுக்காக இல்லை. மலேரியாக் காய்ச்சலுக்கு அன்றைக்கு இருந்த நம்பகமான மருந்து குவினைன் ஒன்றுதான். நம் பெரியவர்கள் கொயினா என்பார்களே, அதுதான். அது சிங்கோனா என்ற மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைகளைச் சேர்ந்த அந்த மரம் இலங்கையில் வளருமா என்று பார்க்கத்தான் ஆங்கில அரசு ஹக்கலயில் நாற்றுமேடை போட்டது. பேராதனைப் பூங்காவின் தலைமையில் இருந்த ஜோர்ஜ் த்வெய்ட்ஸ் காலத்தில் நடந்த வேலை அது.

பூக்களும் அலங்காரச் செடிகளும் 1880களில் தொடங்கி வந்தவை. அப்போது பொறுப்பில் இருந்த வில்லியம் நொக்கும் அவருக்குப் பின் வந்தவர்களும்தான் அந்த மருந்துத் தோட்டத்தைக் குளிர்நாட்டுச் செடிகளின் பூங்காவாக மாற்றினார்கள். இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் பார்க்கிற கண்ணே வேறு.

பஸ்ஸில் எப்படிப் போவது?

நுவரெலியா டவுனில் வெலிமடை அல்லது பதுளை பஸ் ஏறினால் பூங்கா வாசலிலேயே இறங்கலாம். பத்துக் கிலோமீட்டர்தான். ரயிலில் வருகிறவர்கள் நானுஓயாவில் இறங்கி முதலில் டவுனுக்கு வர வேண்டும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களும் டவுனில் மாற வேண்டியதுதான். பதுளை, வெலிமடையிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் நுவரெலியாவைத் தொட வேண்டிய தேவையே இல்லை, வழியிலேயே பூங்கா வந்துவிடும்.

டவுனிலிருந்து போகும்போது பூங்காவுக்குக் கொஞ்சம் முன்னால் சீதா எலிய சீதையம்மன் கோயில் வரும். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதுதான் வழக்கம். வருகிற வழியில் கோயிலைப் பார்ப்பதைவிட, காலையில் நேராகப் பூங்காவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கோயிலில் இறங்குவது நல்லது. காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

எந்த நேரத்தில், எந்த மாதத்தில் போனால் நல்லது?

காலையில், முடிந்தவரை சீக்கிரம். அந்தப் பக்கத்தில் மத்தியானத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கினால் பத்தடி தள்ளி நிற்கும் மரத்தின் பெயர்ப்பலகைகூடத் தெரியாது. மழையும் பெரும்பாலும் பின்னேரம்தான் வரும்.

பூ வேண்டுமென்றால் ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரை. ஆனால் ஏப்ரல் நடுவில் நுவரெலியா சீசன். கொழும்புக்காரர்கள் அத்தனை பேரும் மலை ஏறிவிடுவார்கள், வாகனம் நகராது, உள்ளேயும் நெரிசல். மரம் செடி பார்த்துப் படிக்க நினைப்பவர்கள் சீசனை விட்டுவிட்டு ஒரு சாதாரண வேலை நாளில் போங்கள். குளிர் உடுப்பும் குடையும் எந்த மாதமானாலும் கையில் இருக்கட்டும். ஈரமான நாளில் அட்டைக் கடியும் உண்டு.

இந்தியாவிலிருந்து மாமா வருகிறார். அவருக்கும் நம்ம டிக்கெட்தானே?

இல்லை. உள்ளூர்க்காரர், வெளிநாட்டவர் என்று இரண்டு கட்டணம். இரண்டுக்கும் வித்தியாசம் பல மடங்கு. மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறிப் போனவர் இங்கேதான் பிறந்தவர், தலவாக்கலையில்தான் படித்தவர் என்று சொல்லிப் பயனில்லை, கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். வாசலில் வாக்குவாதம் செய்து மாமாவைச் சங்கடப்படுத்தாதீர்கள். கட்டணம் அடிக்கடி மாறுவதால் தொகையை எழுதவில்லை. நீங்கள் உங்கள் அடையாள அட்டையை மறக்காமல் கொண்டு போங்கள்.

அம்மாயிக்கு முழங்கால் வலி. அவர் நடந்து பார்க்க முடியுமா?

முழுவதையும் முடியாது. பூங்கா மலைச்சரிவில் படிப்படியாக ஏறுகிறது. கீழே இருக்கிற பகுதியில் மெதுவாக நடக்கலாம். மேலே பன்னச்செடிகள் இருக்கும் பக்கம் ஏற்றமும் படிகளும் உண்டு, மழைக்குப் பிறகு பாசி வழுக்கும். வயதானவர்களைக் கீழே புல்வெளியில் உட்கார வைத்துவிட்டு, கூடவே ஒரு ஆளையும் விட்டுவிட்டு மற்றவர்கள் ஏறுவதே நடைமுறை. நடக்க முடியாதவர்களோடு போவதென்றால் பேராதனைதான் வசதி. அது சமதரை, பாதைகளும் அகலம்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா?

கொண்டு போகலாம், ஆனால் திறந்து வைத்துவிட்டுக் கதை பேசக் கூடாது. குரங்குகள் உண்டு. செந்நிற முகத்தோடு தரையில் திரிபவைதான் பையைப் பறிப்பவை. அடர்ந்த முடியோடு மரத்திலேயே இருக்கிற கறுத்த பெரிய மந்தி இலங்கைக்கே உரியது. மலைநாட்டுக் குளிருக்கு ஏற்ற இனம். அது இலை தின்னும், உங்கள் சோற்றுப் பார்சல் அதற்குத் தேவையில்லை. எதற்கும் எதையும் கொடுக்காதீர்கள்.

சிங்கோனா மரங்கள் இன்னும் தோட்டமாக நிற்கின்றனவா?

தோட்டமாக இல்லை. வரிசை வரிசையாக நிற்கும் என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். உள்ளே போனதும் அங்கே வேலை செய்கிறவர்களிடம் "சிங்கோனா எங்கே" என்று நேரடியாகக் கேளுங்கள். பாதையைத் துப்புரவு செய்கிற வயதான தொழிலாளிக்குத் தெரிவது கையில் இருக்கிற வரைபடத்தில் இருக்காது. கேட்டால் சந்தோஷமாகவே காட்டுவார்கள்.

ஏன் ஹக்கலயைத் தேர்ந்தெடுத்தார்கள்? மலேரியா இருந்த ஊரிலேயே மரத்தை நட்டிருக்கலாமே?

நல்ல கேள்வி, எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டது. மலேரியா பரப்பும் நுளம்புக்கு வெப்பம் வேண்டும், சிங்கோனாவுக்குக் குளிர் வேண்டும். அந்தீஸில் அது வளர்வது மேகம் தங்கும் உயரத்தில். ஐயாயிரம் அடிக்கு மேல், மழையும் மூடுபனியும் வடிகாலும் உள்ள சரிவு என்று தேடினால் இலங்கையில் கிடைப்பது இந்த மாதிரி இடங்கள்தான். அதனால் காய்ச்சல் இருந்தது கீழ்நாட்டில், மருந்து விளைந்தது மேலே.

வகைக்கு வகை உயரமும் மாறும். செம்பட்டைச் சிங்கோனா கொஞ்சம் தாழ்ந்த இடத்திலும் வரும். வெளிர்பட்டை வகைக்குத்தான் ஹக்கல போன்ற உயரம் பொருத்தம். விதை மிகச் சிறியது, ஊதினால் பறந்துவிடும். நிழல் கட்டி, ஈரம் பார்த்து நாற்றாக்கி எடுக்க வேண்டும். அதற்குத்தான் தோட்டக்கலை தெரிந்த ஆட்களோடு அரசின் நாற்றுமேடை தேவைப்பட்டது.

மலையக மக்களுக்கும் இந்த மரத்துக்கும் ஏதாவது தொடர்பு இருக்கா?

நிறைய. நம் வரலாற்றைச் சொல்லும்போது காப்பி, அப்புறம் தேயிலை என்று ஒரே தாவாகத் தாவிவிடுகிறோம். நடுவில் ஒரு சிங்கோனாக் காலம் இருந்தது. 1869இல் காப்பி இலையில் மஞ்சள் கலந்த செம்பொடியாக ஒரு பூஞ்சண நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்பியவரும் மேலே சொன்ன த்வெய்ட்ஸ்தான். காப்பி நன்றாக ஓடிய காலத்தில் ஹக்கல நாற்றுகளைத் தோட்டத்துத் துரைமார் அவ்வளவாகத் திரும்பிப் பார்க்கவில்லை. காப்பி சாயத் தொடங்கியதும் எல்லாரும் சிங்கோனாவுக்கு ஓடினார்கள். 1880களில் அறுபதினாயிரம் ஏக்கர் அளவுக்குப் பரவி, ஆண்டுக்கு ஒரு கோடி இறாத்தலுக்கும் மேல் பட்டை கப்பலேறியது.

அதுவே வினையானது. இத்தனை பட்டை ஒரே சமயத்தில் சந்தைக்கு வந்ததும் விலை விழுந்தது. விலை விழ விழ, இருப்பதையாவது காசாக்கலாம் என்று மரத்தை இன்னும் வேகமாக உரித்தார்கள், விலை இன்னும் விழுந்தது. அதற்குள் ஜாவாவில் ஒல்லாந்தர் குவினைன் செறிவு மிகக் கூடிய ஒரு வகையை வளர்த்து எடுத்துவிட்டார்கள். இங்கே மரங்களைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டார்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலையை வணிகத்துக்காக நட்ட லூல்கந்துர தோட்டத்திலும் சிங்கோனா இருந்தது.

மன்னாரிலிருந்து காட்டுவழியாக நடந்து வந்து காப்பிக்காக மலையேறியவர்கள்தான் இந்தப் பட்டையையும் உரித்துக் காயவைத்தார்கள். காப்பி அறுவடை பருவ வேலை, முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். வருஷம் முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலை வந்த பிறகுதான் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், நிலையாகத் தங்கினார்கள். சிங்கோனா அந்த இரண்டுக்கும் நடுவில் தோட்டங்களை விழாமல் பிடித்துக்கொண்டது. பூங்காவில் நின்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை இதுதான் என்பது என் அபிப்பிராயம். ரோசாவின் பெயரை அவர்கள் பிறகு படித்துக்கொள்ளலாம்.

அனுமார் தூக்கி வந்த சஞ்சீவி மலையில் ஒரு துண்டு ஹக்கல என்கிறார்களே, சஞ்சீவி மூலிகை அங்கே இருக்கா?

லட்சுமணனைப் பிழைக்க வைக்க அனுமார் மலையோடு மூலிகையைக் கொண்டு வந்தபோது துண்டுகள் விழுந்த இடங்களாக நம் நாட்டில் பல ஊர்கள் சொல்லப்படுகின்றன. காலியில் ரூமஸ்ஸல, அனுராதபுரப் பக்கம் ரிட்டிகல, குருநாகல் பக்கம் தொலுகந்த, மன்னாரில் தள்ளாடி, அதோடு ஹக்கல. ஒன்றைக் கவனியுங்கள்: ரிட்டிகல போன்ற இடங்களில் சுற்றியிருக்கும் வறண்ட காட்டில் இல்லாத செடிகள் மலையுச்சியில் மட்டும் வளர்கின்றன. உச்சியில் ஈரம் தங்குவதுதான் காரணம். இந்தச் செடி எங்கிருந்து இங்கே வந்தது என்று பார்த்தவர்களுக்கு ஒரு கதை தேவைப்பட்டிருக்கும்.

சஞ்சீவி இதுதான் என்று கையை நீட்டிக் காட்டக்கூடிய செடி எதுவும் ஹக்கலயில் இல்லை. யாராவது வாசலில் காய்ந்த வேரை அந்தப் பெயர் சொல்லி விற்றால் வாங்காதீர்கள். கும்பிடுகிறவர்கள் கோயிலில் கும்பிடுங்கள், அதில் நான் தலையிடவில்லை.

எனக்கு மூலிகை மட்டும் பார்த்தால் போதும். ஹக்கல சரியா, வேற எங்கேயாவது போகலாமா?

நீங்கள் வீட்டில் பாவிக்கிற மருந்துச் செடிகளில் பெரும்பாலானவை சூட்டு நிலத்துச் செடிகள். ஆடாதோடை, மரமஞ்சள், திப்பிலி எல்லாம் ஹக்கலக் குளிரில் தேடுவதைவிடப் பேராதனையில் தேடுவது நல்லது. 1821இல் தொடங்கிய அந்தப் பூங்காவில் மூலிகைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, சாதிக்காய், கறுவா, கராம்பு மரங்களும் உண்டு. மூலிகைக்காகவே உள்ள பூங்கா வேண்டுமென்றால் ஹக்கலயையும் பேராதனையையும் நடத்துகிற அதே தாவரவியல் பூங்காத் திணைக்களத்தின் கீழ் குருநாகல் மாவட்டத்தில் கனேவத்த இருக்கிறது. மலையை விட்டு இறங்க வேண்டும்.

மாவனெல்லை, மாத்தளை ரோட்டோரத்தில் "ஸ்பைஸ் கார்டன்" என்று போட்டிருக்கிறதே, அதுவும் இந்த மாதிரிதானா?

இல்லை. அவை தனியார் வியாபாரம். உள்ளே போக டிக்கெட் இருக்காது, ஒருவர் செடி செடியாகக் காட்டி விளக்குவார், கையில் எண்ணெய் தேய்த்துவிடுவார், கடைசியில் கடை வரும். கடையில் எண்ணெய்ப் போத்தலின் விலையைக் கேட்டால்தான் டிக்கெட் ஏன் இல்லை என்று புரியும். செடியைப் பார்க்கப் போவதில் தப்பில்லை. சீனி வியாதி முழுக்கக் குணமாகும் என்று அங்கே சொல்வதை மட்டும் நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

பலகையில் இலத்தீன் பெயர்தான் பெரிசா இருக்கு. எங்களுக்கு அது எதுக்கு?

படம் எடுத்துக்கொள்ளுங்கள், தேவைப்படும். மூலிகை விஷயத்தில் ஊர்ப்பெயரை மட்டும் நம்பக் கூடாது. நிலவேம்பு என்று தமிழ்நாட்டில் கஷாயம் காய்ச்சுவது ஒரு செடி. இங்கே சிங்கள வைத்தியத்தில் பின்கொஹொம்ப என்று வழங்குவது வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு சின்னச் செடி. அதையும் நம்மவர்கள் நிலவேம்பு என்பார்கள். இரண்டும் கசக்கும், இரண்டும் காய்ச்சலுக்குப் போவது, கடையில் ஒன்றுக்குப் பதில் மற்றதைக் கொடுப்பதும் நடக்கிறது. பலகையில் இருக்கிற இலத்தீன் பெயரில் அந்தக் குழப்பம் வராது.

ஒரு இலை, ஒரு சின்னக் கிளை எடுத்தால் என்ன ஆகிவிடும்?

பிடிபட்டால் அவமானம் ஆகும். பறிப்பதற்கு அனுமதி கிடையாது, விழுந்து கிடக்கும் விதையையும் எடுக்கக் கூடாது. செடி வேண்டுமானால் விற்பனைக்கு நாற்று இருக்கிறதா என்று வாசலில் கேளுங்கள்.

பூங்காவுக்குப் பின்னால் உயர்ந்து நிற்கிற ஹக்கல மலைக்காடு இன்னும் கண்டிப்பானது. 1938இலிருந்து அது முழுமையாகப் பாதுகாக்கப்பட்ட இயற்கை ஒதுக்கம். ஆராய்ச்சிக்கென்று அனுமதி வாங்காமல் உள்ளே கால் வைக்கவே முடியாது. மூலிகை தேடி வேலி தாண்டலாம் என்று இளவட்டங்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வேண்டாம்.

சிங்கோனாப் பட்டையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் காய்ச்சல் போய்விடும்தானே? தாத்தா சொல்வார்.

தாத்தா சொன்னது மலேரியாவைப் பற்றி. இரத்தத்தில் இருக்கிற மலேரியாக் கிருமியைக் குவினைன் கொல்லும், அதனால் அந்தக் காய்ச்சல் போகும். இன்று நம் பக்கத்தில் வருகிற காய்ச்சல் பெரும்பாலும் சாதாரண வைரஸ் காய்ச்சல், டெங்கு, எலிக்காய்ச்சல். இவை எதற்கும் அது மருந்தில்லை. டெங்குவில் இரத்தத் தட்டணுக்கள் குறையும். குவினைனும் சிலருக்கு அதே தட்டணுக்களைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இன்னொன்று அளவு. மரத்துக்கு மரம், பட்டைக்குப் பட்டை குவினைன் வேறுபடும். ஜாவா மரம் ஜெயித்ததே அந்த வேறுபாட்டில்தான் என்று மேலே பார்த்தோம். ஒரு துண்டுப் பட்டையில் எவ்வளவு இருக்கிறது என்று சட்டியில் வைக்கிறவருக்குத் தெரியாது. கூடினால் காது இரையும், தலை சுற்றும், பார்வை மங்கும், இதயத் துடிப்பு தடுமாறும். கர்ப்பிணிகள் கிட்டேயே போகக் கூடாது. 1820இல் பிரான்சில் பெலத்தியே, கவந்து என்ற இரண்டு வேதியியலாளர்கள் பட்டையிலிருந்து குவினைனைத் தனியாகப் பிரித்ததால்தான் அளந்து கொடுப்பதே சாத்தியமானது. காய்ச்சல் என்றால் இரத்தப் பரிசோதனை எடுங்கள், கொத்தமல்லித் தண்ணி குடியுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

மலேரியாவே இப்போது இல்லையே. பிறகு ஏன் இதைப் பற்றிப் படிக்க வேண்டும்?

இல்லாமல் போனது சமீபத்தில்தான். இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது 2016இல். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் வழியாக இப்போதும் எப்போதாவது வருகிறது. ஆபிரிக்கப் பக்கம் போய் வந்த யாருக்காவது காய்ச்சல் என்றால் அந்தப் பயணத்தை டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

1934, 35இல் வந்த கொள்ளை நோயில் இந்தத் தீவில் எண்பதினாயிரம் பேர் அளவில் செத்தார்கள். கேகாலை, குருநாகல் பக்கம் கடும் பாதிப்பு. ஊர் ஊராகக் குவினைன் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் உலகத்துக் குவினைனில் பெரும்பகுதி ஜாவாவிலிருந்து வந்தது. அதற்கு ஐம்பது வருஷத்துக்கு முன் கப்பல் கப்பலாகப் பட்டை அனுப்பிய நாடு, தேவை வந்தபோது இறக்குமதியை நம்பி நின்றது. வரலாறு பாடத்துக்கு ஒப்படை எழுதுகிற பிள்ளைகள் இதை எடுத்துக்கொள்ளலாம்.

மூலிகை என்றால் பக்கவிளைவு கிடையாதே. பூங்காவில் இருக்கிறதெல்லாம் நல்லதுதானே?

முந்திய இரண்டு பதில்களுக்குப் பிறகும் இது வருகிறது, அதனால் ஒரே ஒரு செடியைச் சொல்கிறேன். நுவரெலியாப் பக்கத்தில் வீட்டு வேலியிலும் ஓடைக் கரையிலும் வெள்ளையாகவோ செம்மஞ்சளாகவோ நீளமாகக் கீழ்நோக்கித் தொங்கும் பூ பார்த்திருப்பீர்கள். பின்னேரத்தில் நல்ல வாசம் வரும். அதுவும் சிங்கோனாவைப் போலத் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான், ஊமத்தையின் உறவு. அதில் இருக்கும் அட்ரோபின் கண் டொக்டர் கண்மணியை விரிக்க விடும் சொட்டு மருந்தில் பாவிக்கப்படுகிறது. அதே இலையை அரைத்துச் சாப்பிட்டால் வாய் வறண்டு, ஆளே தெரியாமல் பிதற்றி, உயிரும் போகலாம். மருந்தா நஞ்சா என்பதை அளவுதான் முடிவு செய்கிறது. சின்னப் பிள்ளைகளை அந்தப் பூவோடு விளையாட விடாதீர்கள்.

எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு பழைய மரம் நிற்கிறது. சிங்கோனா என்கிறார்கள். எப்படி உறுதி செய்வது?

இருக்க வாய்ப்பு உண்டு. முதலில் இலையைப் பாருங்கள். சிங்கோனாவும் காப்பியும் ஒரே குடும்பம். இலைகள் எதிரெதிராகச் சோடியாக வரும், இரண்டு காம்புகளுக்கும் நடுவில் தண்டில் சின்னச் செதில் போல ஒன்று இருக்கும். செம்பட்டை வகையில் இலை அகலம், முற்றிய இலை சிவந்து விழும். பூ சின்னது, கொத்தாக, வெளிர் இளஞ்சிவப்பு, ஓரத்தில் மயிர் தெரியும், வாசமும் இருக்கும். இலைகள் மாறிமாறி ஒவ்வொன்றாக வந்தால் அது சிங்கோனா இல்லை, அங்கேயே விட்டுவிடலாம்.

டிக்கெட் கேள்வியில் வந்த மாமா போன்றவர்களையும் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் வால்பாறைக்குப் பக்கத்தில் சிங்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது. அரசு சிங்கோனாத் தோட்டமாக இருந்து பிறகு டான்டீ என்கிற தமிழ்நாடு அரசுத் தேயிலை நிறுவனத்தின் தோட்டமான இடம். நீலகிரியிலும் இந்த மரம் இருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் மரத்தைப் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள். அப்படி யாரும் இல்லையென்றால் பூவோடு ஒரு சின்னக் கிளையைப் பழைய பத்திரிகைத் தாளுக்குள் தட்டையாக வைத்து அழுத்திக் காயவையுங்கள். எந்தத் தோட்டம், எவ்வளவு உயரம், என்ன தேதி என்று எழுதி, பேராதனைப் பூங்காவில் இருக்கிற தேசிய உலர்தாவரக் காப்பகத்தில் காட்டலாம். இந்தக் கிளையை எடுக்கத் தோட்ட நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பட்டையைச் சீவிப் பார்க்க வேண்டாம். சுற்றி உரித்துவிட்டால் மரம் செத்துவிடும்.